கரையும் தீவுக்கு மணல் எங்கிருந்து வரும்?

மும்பையில் இருக்கும் நமக்குத் தீவு என்பது புதிதில்லை. கொலாபா, மஜ்காவ், பரேல், வர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் இது. அந்த ஏழுக்கும் அடியில் இருப்பது கருங்கல், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை. அலை எவ்வளவு மோதினாலும் அவை இடம் மாறப் போவதில்லை.

இன்னொரு வகைத் தீவு உண்டு. அதற்குப் பாறை ஆதாரமே கிடையாது. மேலே மணல், கீழேயும் மணல், அதற்கும் கீழே சேறு. கரைக்கு இணையாக, கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாகக் கிடக்கும். முன்பக்கம் திறந்த கடல், பின்பக்கம் அலை அடங்கிய காயல். கடலின் முதல் அடியை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் கரையைக் காப்பதால் இதைத் தடுப்புத் தீவு என்கிறார்கள். நமக்குத் தெரிந்த உதாரணம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளம் இருக்கும் அந்த நிலம் பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு தடுப்புத் தீவுதான்.

மும்பைக்கு முன்னால் ஏன் அப்படி ஒன்று இல்லை? ஓதம்தான் முக்கியமான காரணம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நான்கைந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். மாஹிம் கடற்கரையில் காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறு தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அவ்வளவு தண்ணீர் தினமும் உள்ளே வந்து வெளியே போக வேண்டுமானால் வாய்க்கால்கள் நிறைய வேண்டும். நீளமான மணல் தீவு அங்கே நிலைக்காது, துண்டு துண்டாக வெட்டுப்பட்டுவிடும். அதனால் கழிமுகங்களும் சேற்று வெளிகளும் அலையாத்திக் காடுகளும் நம் பங்குக்கு வந்தன. அமெரிக்காவின் தெற்கே லூசியானா கடற்கரையில் ஓதம் சாதாரண நாளில் ஒரு முழம்கூட இருக்காது. தடுப்புத் தீவுகள் வரிசையாக அமைய அது தோதான கடல். அவை கண்ணெதிரே கரைந்துகொண்டிருப்பதும், கடலடி மணலை அள்ளி வந்து அவற்றைத் திரும்பக் கட்டும் வேலை மிகப் பெரிய அளவில் நடப்பதும் அங்கேதான்.

மணலின் வரவும் செலவும்

தடுப்புத் தீவைப் புரிந்துகொள்ள, அதை ஒரு நிலமாக நினைப்பதை முதலில் விட வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் மணல் கொஞ்ச காலம் தங்கிப் போகும் இடம் அது.

அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வரும். சாய்வாக ஏறும் அலை ஒரு பிடி மணலைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இறங்கும். இது நாள் முழுக்க, வருடம் முழுக்க நடந்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் கரையோரமாகவே பயணம் போகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வாடை வீசும் மாதங்களில் மணல் தெற்கே போகும், மற்ற மாதங்களில் வடக்கே போகும். கூட்டிக் கழித்தால் வடக்குப் பக்கம்தான் அதிகம். சென்னைத் துறைமுகம் அந்த வழியில் குறுக்கே வந்தது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து நின்று கரை அரித்தது. கடல் அரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி வரவு குறைந்து செலவு மட்டும் நடக்கும் கதைதான்.

தடுப்புத் தீவுக்கு இன்னொரு பயணமும் உண்டு. பெரும் புயலில் அலை தீவின் முதுகைத் தாண்டிக் காயல் பக்கம் இறங்கும். போகிற போக்கில் முன்பக்க மணலைப் பின்பக்கத்தில் கொட்டிவிட்டுப் போகும். முன்னால் பத்தடி இழந்தாலும் பின்னால் பத்தடி கிடைத்துவிடும். இப்படித் தீவு மெல்ல மெல்லப் புரண்டு உள்கரையை நோக்கி நகர்கிறது. கடல் மட்டம் உயரும்போது அது பிழைக்கும் வழியே இதுதான். ஆகவே தீவு நகர்கிறது என்பதை மட்டும் வைத்து அது அழிகிறது என்று சொல்ல முடியாது. நகரும்போது கையிருப்பு மணலும் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

லூசியானாவில் குறைகிறது. அந்தக் கரை முழுவதும் மிசிசிப்பி ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல். ஆறு ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய் மாற்றிக்கொள்ளும். அது கைவிட்டுப் போன பழைய கழிமுகத்தின் விளிம்பை அலை அரிக்கும்போது சேறு கரைந்து போய் மணல் மட்டும் வரிசையாகத் தங்கும். அந்த வரிசைதான் தீவுகள். அடியில் இருக்கும் சேறு தன் எடையிலேயே அமுங்கிக்கொண்டிருப்பதால் சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. அந்தத் தாழ்வை ஈடுகட்ட ஆறு புதிது புதிதாக வண்டல் போட வேண்டும். 1927-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இரு பக்கமும் உயரமான கரைகளைக் கட்டி அதை அடைத்தார்கள். மேலே துணை ஆறுகளில் அணைகள் வந்தன. மிச்சம் வரும் வண்டலும் முகத்துவாரத்தில் ஆழ்கடலுக்குள் போய் விழுகிறது. 1930கள் முதல் அந்த மாநிலம் இழந்த கரையோர நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். மும்பை மாநகரம் போல எட்டு.

அங்கே 'கடைசித் தீவு' என்ற பொருளில் பெயர் கொண்ட ஒரு தீவு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பணக்காரக் குடும்பங்கள் கோடைக்கு வந்து தங்கும் இடம், விடுதியெல்லாம் இருந்தது. 1856 ஆகஸ்ட் 10 அன்று வந்த புயலில் சுமார் 200 பேர் செத்துப் போனார்கள். கட்டடம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நீளமான ஒரே தீவாக இருந்தது பிறகு துண்டு துண்டாக உடைந்து போனது. அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் விஸ்கி தீவு. அதைத் திரும்பக் கட்டிய வேலை 2018-ல் முடிந்தது. அதற்கு மட்டும் கடலடியிலிருந்து அள்ளி வந்த மணல் சுமார் 80 லட்சம் கன மீட்டர்.

அள்ளுவதும் கொட்டுவதும்

இவ்வளவு மணல் எங்கே இருக்கிறது? லூசியானாவுக்கு வாய்த்த பெரிய களஞ்சியம் 'ஷிப் ஷோல்' என்ற மணல் திட்டு. 50 கிலோமீட்டர் அளவுக்கு நீளமாகக் கடலுக்கடியில் கிடக்கிறது. அது ஒரு காலத்தில் இதே போன்ற தடுப்புத் தீவாக இருந்து, மண் தாழ்ந்து, நீருக்குள் போனது. மூழ்கிய பழைய தீவின் மணலை எடுத்து இன்றைய தீவுக்குக் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

அள்ளும் கப்பலில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, ஓடிக்கொண்டே உறிஞ்சும் டிரட்ஜர். பக்கவாட்டில் தொங்கும் பெரிய குழாயின் தலை கடலடியை உரசிக்கொண்டே வரும், பம்பு மணலையும் தண்ணீரையும் சேர்த்துக் கப்பலின் வயிற்றுக்குள் இழுக்கும். மணல் அடியில் தங்க, தண்ணீர் மேலே வழிந்து வெளியேறும். நிறைந்ததும் கப்பலே போய்க் கொட்டிவிட்டு வரும். மும்பை, நவசேவா துறைமுகக் கால்வாய்களில் தூர்வாரும் கப்பல்களில் இந்த வகையைப் பார்க்கலாம். இன்னொன்று கட்டர் டிரட்ஜர். ஓரிடத்தில் கால் ஊன்றி நின்று, பல் வைத்த உருளையால் தரையைக் குடைந்து, குழாய் வழியாகப் பல கிலோமீட்டர் தள்ளிவிடும். தூரம் அதிகமானால் பார்ஜ் என்ற தட்டைப் படகில் ஏற்றி வந்து கரைக்கு அருகில் மறுபடி பம்பு செய்வார்கள்.

குழாயின் வாய் இருக்கும் இடத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது. ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு அகலமான இரும்புக் குழாய் கரையில் படுத்திருக்கும். அதிலிருந்து கறுப்பும் சாம்பலுமான குழம்பு சீறிக்கொண்டு விழும். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அப்படியே விட்டால் மணலும் தண்ணீரோடு கடலுக்கே திரும்பிவிடும். அதனால் புல்டோசர்கள் கரைக்கு இணையாக ஒரு மண் வரப்பைக் கட்டிக்கொண்டே இருக்கும். குழம்பு வரப்புக்கு உள்பக்கமாக நெடுந்தூரம் ஓடும், ஓட ஓட வேகம் குறையும், மணல் படியும், தெளிந்த தண்ணீர் கடைசியில் வெளியேறும். ஒரு பகுதி நிரம்பியதும் இன்னொரு துண்டுக் குழாயை மாட்டி முன்னால் நகர்வார்கள். புதிதாக விழுந்த மணல் கறுத்திருக்கும், கடலடி நாற்றம் அடிக்கும். வெயிலும் மழையும் பட்டு நாளடைவில் வெளுக்கும். கொட்டிய மணல் கெட்டது என்று முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள், பயப்பட வேண்டியதில்லை.

எந்த மணலையும் கொட்டலாமா என்றால், கூடாது. ரவையையும் மைதாவையும் தனித்தனித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். ரவை சட்டென்று அடியில் போய் உட்காரும், மைதா நெடுநேரம் கலங்கியே நிற்கும். அலை அடிக்கும் முன்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் மணல் எந்தப் பருமனோ, அதே பருமனோ கொஞ்சம் பெரியதோதான் நிற்கும். நைசான மண்ணைக் கொட்டினால் முதல் பருவத்திலேயே கடல் அதைக் கொண்டுபோய்விடும். அதனால் திட்டம் தொடங்கும் முன்பே கடலடியில் துளையிட்டு மாதிரி எடுத்து, சல்லடையில் சலித்து, இரு பக்க மணலும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறார்கள். கழிவில் போகும் பங்கையும் கணக்கிட்டுத் தேவைக்கு மேலேயே அள்ளுகிறார்கள்.

அப்படியானால் சேறு வீணா? இல்லவே இல்லை. தீவுக்கு முன்பக்கம் எவ்வளவு முக்கியமோ பின்பக்கமும் அவ்வளவு முக்கியம். காயல் பக்கம் ஒரு சதுப்பு மேடை இருந்தால்தான், புயலில் முதுகைத் தாண்டி வரும் மணலுக்கு விழ ஓர் இடம் இருக்கும். மேடை இல்லாவிட்டால் அந்த மணல் ஆழமான தண்ணீரில் விழுந்து தொலைந்து போகும். அந்த மேடைக்குச் சேறும் வண்டலும்தான் சரியான பொருள். சுற்றிலும் வரப்பு கட்டி உள்ளே சேற்றுக் குழம்பை நிரப்பி, நீர் வடிந்து அமுங்கும் வரை காத்திருப்பார்கள். இங்கே உயரக் கணக்கு மிக நுணுக்கமானது. ஓதம் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது காய வேண்டும். அரை அடி கூடினால் சதுப்புப் புல் வராது, அரை அடி குறைந்தால் வெறும் குளமாகிவிடும். அதுவும் இன்றைய உயரத்தைப் பார்த்தால் போதாது. அமுங்கி முடிந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து ஊற்ற வேண்டும். படிந்த பிறகு வரப்பில் ஆங்காங்கே வாய் வெட்டி ஓதத்தை உள்ளே விடுவார்கள்.

முன்னால் மணல், பின்னால் சேறு, நடுவே மணல்மேடு. மேட்டில் செடி வேண்டும். நம் கரைகளில் அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் செய்யும் வேலையை அங்கே கடலோரப் புற்கள் செய்கின்றன. காற்றில் ஓடும் மணலைப் பிடித்து நிறுத்த மரச்சட்ட வேலி போடுவார்கள், அதன் அடியில் மணல் தானாகச் சேரும், புல் அதில் வேர் பிடிக்கும். இந்த வேலைக்குச் செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

அவசரத்தில் கட்டிய மேடு

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள், எண்ணெய் மாதக்கணக்கில் கடலில் கொட்டியது. அதைத் தடுக்க, லூசியானாவின் சந்தலூர் தீவுகளின் வடக்குப் பக்கத்தில் டிரட்ஜர்களை வைத்து அவசரம் அவசரமாக ஒரு மணல்மேடு கட்டினார்கள். 14 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கத்ரீனா புயல் அந்தத் தீவுகளின் பெரும்பகுதியைத் துடைத்துப் போட்டிருந்தது. கோடிக்கணக்கான டாலர் செலவில் எழுந்த மேடு பிடித்து நிறுத்திய எண்ணெய் மிகச் சொற்பம் என்று பிறகு அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணைக் குழுவே சொன்னது. சரியான பின்பக்கம் இல்லாத, செடி இல்லாத ஒல்லியான மேட்டைக் கடல் பல இடங்களில் சீக்கிரமே உடைத்தது.

அதே விபத்தால்தான் நல்ல வேலைக்கும் பணம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ல் முடிந்த வழக்குத் தீர்வில் இயற்கைக்கு ஏற்பட்ட சேதத்துக்காக மட்டும் 880 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். குயின் பெஸ் என்ற சின்னத் தீவு பழுப்பு நிறக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். பூச்சிக்கொல்லியால் 1960களில் லூசியானாவிலிருந்து அற்றுப் போன அந்தப் பறவையை ஃபுளோரிடாவிலிருந்து கொண்டு வந்து திரும்பக் குடியமர்த்திய இடங்களில் அதுவும் ஒன்று. கரைந்து கரைந்து, கூடு கட்ட ஐந்து ஏக்கர் அளவே மிஞ்சியிருந்த தீவை மணல் போட்டு 2020-ல் 36 ஏக்கர் ஆக்கினார்கள். வேலை முடிந்த அதே பருவத்தில் பறவைகள் கூடு கட்டின. மனிதர் வசிக்காத ஒரு திட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தாராவி 90 அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கல்லைப் போட்டா வேல முடிஞ்சுதுல்லா தம்பி? மண்ணக் கொண்டு போட்டா அடுத்த வருசமே அலை இழுத்துட்டுப் போயிரும்லா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், கேட்டுப் போராடாத கடற்கரை ஊர் அந்தப் பக்கம் குறைவு. வீடு நாளைக்கு விழப் போகிறது என்கிறபோது கல்தான் கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு. ஆனால் கல் புதிதாக ஒரு பிடி மணலையும் உண்டாக்காது. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய மணலை இங்கே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் நகரத்தின் கடற்கரை மறைந்தது. கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்ட, இன்னும் வடக்கே நகர்ந்து தமிழகக் குப்பங்களைத் தொட்டது. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-19-ல் நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பை இறக்கி, கூடவே மணலும் சேர்ந்த பிறகுதான் அந்த ஊர் மக்கள் மறுபடி மணலில் கால் வைத்தார்கள்.

மணல் கரையும் என்று அண்ணாச்சி சொன்னதும் உண்மைதான். கரைவதற்காகவே போடுகிறோம். கரைந்த மணல் பக்கத்துக் கரைக்குப் போய்ச் சேர்கிறது, அது நஷ்டக் கணக்கில் வராது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், வருடா வருடம் அளந்து பார்க்க வேண்டும். நெதர்லாந்து இதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்ட நாடு. 1990-லேயே கரையை மணலால் காப்பது என்று அரசுக் கொள்கையாக முடிவு செய்தார்கள். 2011-ல் ஹேக் நகருக்கு அருகே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் அதைப் பகிர்ந்தளிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. மணல் அள்ளிய குழியில் இருந்த புழுக்களும் நத்தைகளும் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். குழி கரைக்கு அருகில் இருந்தால் அலையின் திசையே மாறி வேறொரு இடம் அரிக்கும். உறிஞ்சும் தலையில் ஆமைகள் மாட்டும், அதற்குத் தடுப்புத் தகடு பொருத்த வேண்டும், முட்டையிடும் மாதங்களில் கரையில் வேலையை நிறுத்த வேண்டும்.

சரி, மும்பைக்கு வருவோம். மும்பை, நவசேவா துறைமுகக் கால்வாய்களில் ஆண்டுதோறும் வாரும் பொருளில் பெரும்பகுதி மென்மையான சேறு. அதைக் கொண்டு வந்து தாதரிலோ ஜூஹுவிலோ போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இங்கே துறைமுகச் சேற்றால் கடற்கரை அமைப்போம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சதுப்பு மேடைக்கு அது உதவலாம், அதுவும் தொழிற்சாலைக் கழிவும் கன உலோகமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்த பிறகுதான். ஆழ்கடலில் குறித்த இடத்தில் கொட்டுவதுதான் இன்றைய வழக்கம்.

கிழக்குக் கரையின் நிலைமை வேறு. அங்கே துறைமுக வாயை அடைப்பது பெரும்பாலும் நல்ல மணல், அதுவும் வடக்கே போகும் வழியில் மாட்டிக்கொண்ட மணல். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலை வாரி வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. எப்படியும் வாரியே ஆக வேண்டிய மணல், எப்படியும் எரிக்க வேண்டிய டீசல். கொட்டும் இடம் மட்டும்தான் மாறுகிறது. தமிழ்நாட்டுத் துறைமுகம் எதுவானாலும் தூர்வாரும் டெண்டரில் இந்த நிபந்தனை இருக்க வேண்டும்: மணலின் பருமன் ஒத்து வந்தால் அதை ஆழ்கடலில் கொட்டக் கூடாது, அலைதடுப்புச் சுவருக்கு வடக்கே அரிக்கும் கரையில் சேர்க்க வேண்டும், எத்தனை கன மீட்டர் சேர்த்தார்கள் என்பதை அந்தக் குப்பத்து மக்கள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.